வாசகர் கேள்விகள்: யார் பேரில் வரவு, யார் பேரில் செலவு?

அறிவியலும் தொழில்நுட்பமும் நம் அன்றாட வாழ்க்கைக்குச் செய்யும் நன்மை தீமைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மொரிசியசின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. சில கிரியோலில் இருந்ததால் நானே தமிழாக்கியிருக்கிறேன். சுவை குறைந்திருந்தால் குற்றம் என்னுடையது. கைப்பேசியைத் திட்டி மட்டுமே ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் "அறிவியல் வரமா, சாபமா?" என்ற தலைப்பில் தமிழ்ப் பேச்சுப் போட்டி வைக்கிறார்கள். எந்தப் பக்கம் பேசினால் வெல்வது எளிது, ஐயா?
(ஒரு மாணவி, ரோஸ் ஹில்)

பதில்: நான் இயற்பியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இதே தலைப்புக்குப் பலமுறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், மகளே. கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம் என்று ஒரு பிள்ளை தொடங்கும்போதே நடுவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்த உவமையை மட்டும் விட்டுவிடு. அறிவியல் முழுவதையும் ஒரே தராசில் வைக்க யாராலும் முடியாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கடைக்காரர் கணக்கு எழுதுவதைப் போல, எந்த ஆண்டில், யார் பேரில் வரவு விழுந்தது, யார் பேரில் செலவு விழுந்தது என்று எழுதிப் பார்.

நீ நாள்தோறும் மெட்ரோவில் போகிறவளாக இருந்தால் ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தீவில் 1864-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் கடலோரத்தைச் சூறையாடியது. கையில் பணமிருந்தவர்கள் போர்ட் லூயிஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கொசு குறைந்த கியூர்ப்பீப் மேட்டில் குடியேறினார்கள். பகலில் ரயிலேறித் தலைநகரில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் குளிர்ந்த காற்றுக்குத் திரும்பினார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளில் ஒப்பந்தத்தால் கட்டுண்டு கிடந்த நம் முன்னோருக்கு அந்தப் பயணச்சீட்டு கிடைக்கவில்லை. அவர்கள் வெட்டிய கரும்பின் சர்க்கரைதான் அதே ரயிலில் ஏறித் துறைமுகத்துக்குப் போயிற்று. வரமா சாபமா என்று அந்த ரயிலைக் கேட்டால் அது என்ன சொல்லும்? இந்த வழியில் பேசிப் பார். பரிசுக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: 1949-ல் எங்கள் வீட்டுச் சுவர் முழுவதும் டி.டி.டி. மருந்து அடித்தார்கள் என்றும், அதன் பிறகுதான் வீட்டில் காய்ச்சல் நின்றது என்றும் என் தாயார் நன்றியோடு சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தியோ, டி.டி.டி. உலகமே ஒதுக்கிய நஞ்சு என்கிறாள். யார் சொல்வதை நம்புவது?
(ஒரு முதியவர், பாம்ப்லமூஸ்)

பதில்: இருவரையும் நம்புங்கள், ஐயா. தாயார் பேசுவது வரவைப் பற்றி, பேத்தி பேசுவது செலவைப் பற்றி. இந்தக் கணக்கு நம் தீவிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை எழுதப்பட்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1866 முதல் 1868 வரை வீசிய மலேரியாக் கொள்ளையில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அது காற்றால் வருகிறது, சேற்று நாற்றத்தால் வருகிறது என்றெல்லாம் அன்று மருத்துவர்களே நம்பினார்கள். கொசுதான் அந்த நோயைச் சுமக்கிறது என்பதை 1897-ல் செகந்திராபாதில் இருந்தபடி கண்டறிந்தவர் ரொனால்ட் ராஸ். 1902-ல் நோபல் பரிசு பெற்ற அவரே 1907-ன் இறுதியில் மொரிசியசுக்கு வந்து சில மாதங்கள் தங்கி, சதுப்புகளையும் ஓடைகளையும் சுற்றிப் பார்த்து, 1908-ல் ஓர் அறிக்கை எழுதினார். தேங்கிய நீரை வடித்தால் காய்ச்சல் குறையும் என்ற அறிவு அப்போதே நம் கையில் இருந்தது. ஆனால் நீர் வடிக்கச் செலவாகும். அந்தச் செலவைத் தோட்ட முதலாளி ஏற்பாரா, அரசு ஏற்குமா என்ற இழுபறியிலேயே இன்னும் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அறிவியல் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போன இத்தகைய ஆண்டுகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பது என் பழைய குறை.

டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்பதை சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் 1939-ல் கண்டார். போர் முடிந்தபின் அது மலிவாகக் கிடைத்தது. கொசு கடித்துவிட்டு, குடித்த இரத்தம் செரிக்கும்வரை பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் அந்த ஓய்வே அதற்கு முடிவாகும்; மருந்தின் வீரியமும் மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் தாயார் சொன்ன 1949-ல் தொடங்கிய இயக்கத்தில், கரும்புச் சோகை வேய்ந்த குடிசை முதல் பெரிய வீடுகள் வரை உள்ளே புகுந்து தெளித்தார்கள். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து பழகியிருந்த ஃபுனெஸ்டஸ் என்ற கொசு இனம் தீவிலிருந்தே துடைத்தெறியப்பட்டது. வெளியிலும் வாழத் தெரிந்த இன்னோர் இனம் தப்பிப் பிழைத்தது. ஆனாலும் நாட்டின் இறப்பு வீதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1944-ல் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1962-ல் 6 லட்சத்து 81 ஆயிரமாயிற்று. காய்ச்சல் தின்னாமல் விட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடங்களை நிறைத்தார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன். அடுத்த தலைமுறைக்கு வேலை எங்கே, சோறு எங்கே என்று வந்து பார்த்த பொருளியல் அறிஞர்கள் கவலைப்பட்டார்கள் என்பது வேறு கதை.

இனிப் பேத்தியின் பக்கம். டி.டி.டி. எளிதில் சிதையாது. கொழுப்பில் கரையும், ஆதலால் உடலில் தங்கும். பூச்சியைத் தின்ற பல்லியிடமும், பல்லியைத் தின்ற பறவையிடமும் படிப்படியாகச் செறிந்துகொண்டே போகும். கொன்றுண்ணும் பறவைகளின் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கும். நம் கிழவர்கள் "கோழி தின்னி" என்ற பொருளில் "மாஞ்சேர் த பூல்" என்று பெயரிட்டுக் கல்லால் அடித்த சின்ன வல்லூறு உங்களுக்கு நினைவிருக்கலாம். காடு அழிந்ததும், குரங்கும் பூனையும் கீரியும் கூட்டைக் கொள்ளையிட்டதும், அவற்றோடு இந்தப் பூச்சிமருந்துகளும் சேர்ந்துகொள்ள, 1974-ல் உலகம் முழுவதிலும் நான்கே நான்கு காட்டு வல்லூறுகள்தான் கண்ணில் பட்டன. அழிந்துபோன டோடோப் பறவைக்கு அடுத்த பெயராக அதை எழுதிவிடப் பலரும் தயாராக இருந்தார்கள்.

எழுதவிடாமல் தடுத்ததும் அறிவியல்தான். கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு உயிரியலாளரும் அவருடன் உழைத்தவர்களும், முதல் ஈட்டு முட்டைகளை மலைப்பொந்திலிருந்து எடுத்து அடைகாக்கும் கருவியில் பொரித்தார்கள். முட்டை இழந்த தாய் மீண்டும் ஒருமுறை முட்டையிடும் என்ற பறவை இயல்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வளர்ந்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். நான்காக இருந்தவை நூற்றுக்கணக்காயின.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. மலேரியா ஒழிந்த நாடு என்று 1973-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் சூறாவளி அடித்தது. அதையடுத்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. மீண்டும் முற்றாக அடக்க 1990களின் இறுதி ஆகிவிட்டது. இன்றும் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து விமானத்தில் வருகிறவர்களைச் சுகாதார ஊழியர்கள் பின்தொடர்ந்து சோதிப்பது அதனால்தான். அந்த ஊழியர் கதவைத் தட்டும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். பேத்தியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வயலில் டி.டி.டி. தெளிப்பதை உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து நிறுத்தினாலும், நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லாத இடங்களில் அளவோடு பயன்படுத்த அதே ஒப்பந்தம் இடம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதியவர்களும் இரு பக்கக் கணக்கையும் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டியவர்கள். இப்போது வயலில் ஒரே ஓர் இயந்திரம், அதற்குள் ஒரே ஓர் ஆள். நூறு பேர் பிழைப்பைத் தின்றுவிட்டு நிற்கும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?
(ஒரு வாசகர், ஃபிளாக்)

பதில்: உங்கள் வயிற்றெரிச்சலைத் தவறு என்று சொல்லமாட்டேன், தம்பி. ஆனால் உங்கள் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: விடியுமுன் எழுந்து, சோகை கிழித்த கைகளோடு, முதுகு வளைந்து வெட்டிக் கட்டிச் சுமந்த அந்த வேலையைத் தம் மகளும் செய்ய வேண்டும் என்று அவர் என்றாவது விரும்பினாரா? நான் கேட்ட தாய்மார் ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை. வேலை போனதற்கு அழுதார்கள். அந்த வேலைக்காக அழவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயல்களின் நடுவே கோபுரம்போல் அடுக்கி நிற்கும் கருங்கல் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் கற்கள் பரவிக் கிடந்த நிலத்தை, 1834 நவம்பர் 2-ல் அட்லஸ் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வெறுங்கையால் பொறுக்கிச் சுத்தம் செய்ததன் சாட்சி அவை. அறுவடை இயந்திரத்துக்கு அந்தச் சுத்தம் போதாது. அதன் கத்தி தரையை ஒட்டி ஓடுவதால் உள்ளே புதைந்த கல்லையும் பெயர்த்தெடுக்க வேண்டும். வயலும் நீண்டு அகன்று இருக்க வேண்டும். பெரிய தோட்டத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரருக்கு, வெட்ட ஆளும் கிடைக்காமல், இயந்திரமும் நுழைய முடியாமல், நிலம் தரிசாகிவிடுகிறது. என் கணக்கில் இயந்திரத்தின் பெரிய செலவு இங்கேதான் விழுந்திருக்கிறது. இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

ஆனாலும் இயந்திரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. நம் சர்க்கரைக்கு உறுதியான விலை கொடுத்துவந்த ஐரோப்பா, 2006 முதல் அந்த விலையை நான்கு ஆண்டுகளில் 36 விழுக்காடு வெட்டியது. அதற்கு முன்பே, வரப்போவதை உணர்ந்து, 2001-ல் தொடங்கிய விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பணமும் ஒரு துண்டு மனையும் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருநூறுக்கு மேல் இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியவை மூன்றே. இயந்திரம் இல்லாதிருந்தால் அந்த மூன்றும் இருந்திருக்குமா என்பது ஐயம்தான்.

துறைமுகத்தின் கதையும் இதே போன்றதுதான். 1980-ல் போர்ட் லூயிசில் மொத்தச் சர்க்கரை முனையம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 1,75,000 டன் கொள்ளும் இரண்டு கொட்டகைகள். அங்கிருந்து பட்டை வழியாகச் சர்க்கரை நேரே கப்பலின் வயிற்றுக்குள் கொட்டும். மூட்டை சுமந்தவர்களின் தோள்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களில் பலருடைய அடுப்புக்கும் விடுதலை கிடைத்தது என்பதுதான் கசப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, 1979 ஆகஸ்டில், துறைமுகத் தொழிலாளர்களும் சர்க்கரைத் தொழிலாளர்களும் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே பேரம் பேசியவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறது. வந்து நின்றபின் வயிறு எரிந்தவர்களுக்குக் கிடைப்பது குறைவு. இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம், ஏனென்றால் கணக்கு எழுதும் வேலையையும் தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையையும் இப்போது கணினியே செய்யப் பழகிக்கொண்டிருக்கிறது. கரும்பு வெட்டியவர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் அவைதாம்.

வரவுப் பக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பச்சைக் கரும்பை அப்படியே வெட்டும் இயந்திரத்துக்காக வயலைக் கொளுத்த வேண்டியதில்லை. சோகை மண்ணிலேயே விழுந்து ஈரம் காக்கும். பிழிந்த சக்கையை எரித்து ஆலைகள் மின்சாரமும் தருகின்றன. ஆனால் அறுவடை முடிந்த மாதங்களில் அதே மின்நிலையங்களின் உலையில் கப்பலில் வந்த நிலக்கரி எரிகிறது. புகைபோக்கிக்குக் காற்றுக்கீழ்த் திசையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே தெரியும்.

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் பேத்திக்குக் கைப்பேசிக் காணொளியில் நான் "அ, ஆ" சொல்லிக்கொடுக்கிறேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் பேரன் அதே கைப்பேசியிலிருந்து தலை தூக்குவதில்லை. இந்தப் பொருளை வாழ்த்துவதா, வைவதா?
(ஒரு பாட்டி, குவாத்ர் போர்ன்)

பதில்: இரண்டையும் செய்யுங்கள், அம்மா, உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. உங்கள் "அ" மெல்பர்ன் போவது கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகள் வழியாக. 2002-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு கம்பிவடம் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரிசியஸ் வழியாகக் கொச்சிக்கும் மலேசியாவுக்கும் போகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். 1893-ல் சான்சிபாரிலிருந்து சீஷெல்ஸ் வழியாக முதல் தந்திக் கம்பி இங்கே வந்து சேரும்வரை, நாகப்பட்டினம் பக்கத்தில் தாய் இறந்த செய்தி மகனுக்குக் கப்பலில்தான் வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் வராது. ஆகவே நீங்கள் வாழ்த்துவது தகும்.

பேரன் தலை தூக்காததற்கு அவன் குணம் மட்டும் காரணமன்று. முடிவே இல்லாமல் படம் மேலே ஓடிக்கொண்டிருப்பதும், ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்குவதும் தெரிந்தே அமைக்கப்பட்டவை. அவன் கண் திரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரமாக விற்கப்படுகிறது. வரவு கடல் கடந்த ஒரு நிறுவனத்துக்கு, செலவு உங்கள் சாப்பாட்டு மேசைக்கு. மேசையில் எல்லாரும் கைப்பேசியை ஒரு கூடையில் போட்டுவிட்டு உட்காருங்கள். முதலில் போட வேண்டியது உங்களுடையது. பெரியவர்கள் போடாத கூடையில் எந்தப் பேரனும் போடமாட்டான்.

கேள்வி: ரேடார், செயற்கைக்கோள் எல்லாம் இருந்தும் வகாஷியோ கப்பல் எப்படி எங்கள் கரையில் ஏறியது? பவளப்பாறையில் வெள்ளை நுரை அடிப்பது சிறு படகுக்காரனுக்கே தெரியுமே.
(ஒரு மீனவர், மாயேபூர்)

பதில்: கருவி குறைவால் ஏறவில்லை, ஐயா. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல், சரக்கின்றிப் பிரேசிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2020 ஜூலை 25 அன்று புவான்த் தெஸ்னி அருகே திட்டில் மோதியது. ஜப்பானின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் ஆராய்ந்து சொன்னது இதுதான்: கப்பலில் இருந்தவர்களுக்குக் கைப்பேசி அலை கிடைப்பதற்காகக் கரையை நெருங்கியிருக்கிறார்கள், இந்தக் கரைக்கு ஏற்ற நுணுக்கமான வரைபடமும் அவர்களிடம் இல்லை. பல மாதங்களாக வீட்டு முகம் பார்க்காத மாலுமிகளின் ஏக்கத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். முன் கடிதத்தின் பாட்டிக்கும் அவர்களுக்கும் வேண்டியிருந்தது ஒன்றே. ஆனால் கப்பலின் திசையை அந்த ஏக்கத்திடம் ஒப்படைத்தது குற்றம். தலைமை மாலுமிக்கு இங்கே நீதிமன்றம் 20 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆகஸ்டு 6 முதல் எண்ணெய் கசிந்தது. சுமார் 3,900 டன்னில் ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. இங்கே நெருடலான ஒரு செய்தி உண்டு. கப்பல் புகையிலுள்ள கந்தகம் துறைமுக நகர மக்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால், எரிபொருளில் கந்தகத்தின் அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் உலக விதி வந்திருந்தது. வகாஷியோவில் இருந்தது அப்படிப்பட்ட புதிய எண்ணெய்தான். காற்றைக் காக்கப் பிறந்த அந்த எண்ணெய் கடலில் கொட்டினால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் போதிய அளவு ஆராய்ந்திருக்கவில்லை. முதல் பெரிய சோதனைக்கூடமாக உங்கள் கடற்கழி ஆகிவிட்டது.

அந்த நாட்களில் துணியைப் பையாகத் தைத்து, கரும்புச் சோகையைத் திணித்து, காலிப் புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டு, உங்கள் ஊர் மக்கள் அமைத்த மிதவைத் தடுப்புகளை உலகமே படம் பிடித்தது. சோகை எண்ணெயை உறிஞ்சும், மிதக்கும், இங்கே வேண்டிய மட்டும் கிடைக்கும். வெளியிலிருந்து உதவி வரும்வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதுவும் தொழில்நுட்பம்தான், காப்புரிமைப் பத்திரம் இல்லை, அவ்வளவே.

கேள்வி: காவடிப் பூசைக்கு ஏழு கறி சமைப்பதற்கும் கத்தோ பிமான் என்னும் மிளகாய் வடை பொரிப்பதற்கும் எந்த எண்ணெய் நல்லது? ஒவ்வொரு விளம்பரமும் ஒவ்வொன்றைச் சொல்கிறது.
(ஓர் இல்லத்தரசி, போ பாசேன்)

பதில்: விளம்பரத்தை விட்டு நம் நாட்டின் அனுபவத்தையே பார்ப்போம், அம்மா. 1987-ல் இங்கே நடந்த சுகாதாரக் கணக்கெடுப்பு நீரிழிவும் இதயநோயும் மிகுந்திருப்பதைக் காட்டியது. அப்போது பங்கீட்டு விலையில் விற்ற சமையல் எண்ணெயில் பெரும்பகுதி பனையெண்ணெய். அதில் ஏறத்தாழப் பாதி, கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைகொழுப்பு. அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது; அதில் நிறைகொழுப்பு ஏழில் ஒரு பங்கு அளவே. ஐந்து ஆண்டுகள் கழித்து அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகக் குறைந்திருந்தது. அதற்கு எண்ணெய் மாற்றம் ஒரு முக்கியக் காரணம். உலக மருத்துவ ஏடுகள் இதை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. நம்மில் பலருக்குத்தான் தெரியாது.

ஆனால் அதே காலத்தில் உடல் பருத்தவர்கள் கூடினார்கள், நீரிழிவு குறையவில்லை. இன்றும் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. எண்ணெயை மாற்றலாம், பொரிப்பதையும் இனிப்பதையும் நடக்காததையும் அரசாணையால் மாற்ற முடியாது. சோயாவோ சூரியகாந்தியோ வாங்குங்கள், ஒருமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள். ஏழு கறியைப் பொறுத்தவரை கவலை வேண்டாம், அது காய்கறி மிகுந்த சாப்பாடு. கத்தோ பிமானுக்கு நான் பரிந்து பேசமாட்டேன், எனக்கே அது பலவீனம்.

கேள்வி: என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சூறாவளியில் இரண்டு மூன்று நாள் மின்சாரம் போனால் மருந்தை எப்படிக் காப்பது?
(ஒரு வாசகி, திரியோலே)

பதில்: மிகப் பயனுள்ள கேள்வி. 1960 பிப்ரவரியில் காரோல் சூறாவளி மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது வீடுகள் பறந்தன. அதற்குப் பின் கான்கிரீட் வீடுகள் பெருகியதாலும், வானிலை நிலையம் நான்கு நிலைகளில் எச்சரிக்கை தருவதாலும், இன்று நம் உயிர் பெரும்பாலும் காற்றுக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் குளிர்பதனப் பெட்டியை நம்பி வாழும் மருந்துகள் அன்று நம் வீடுகளில் அதிகம் இல்லை.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பி அல்லது பேனா, பெரும்பாலான வகைகளில், 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும். உங்களுடைய வகைக்குரிய அளவைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து, மருந்தாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆகவே இரண்டு நாள் மின்தடையில் இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மருந்து உடனே வீணாகிவிடாது. குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்காமலிருந்தால் உள்ளே ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். உறையறையில் முன்கூட்டியே தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து, மின்சாரம் போனதும் மருந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மருந்து பனிக்கட்டியின்மேல் நேரடியாகப் படவேண்டாம், துணியில் சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

பனிக்கட்டியும் கரைந்துவிட்டால் மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்து, வாயை ஈரத்துணியால் மூடுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளே சில டிகிரி குறையும். சூறாவளி நாட்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நீர் மெதுவாகவே ஆவியாகும். ஆகவே நம் பாட்டி வீட்டுப் பானை அளவுக்குக் குளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மழை விட்டு வெயில் வந்து, மின்சாரம் மட்டும் இன்னும் வராத நாட்களில்தான் அது நன்றாக வேலை செய்யும். அதை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூன்றாம் நிலை எச்சரிக்கையைப் பலத்த காற்றுக்கு முன் ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கொடுக்கிறார்கள். ஜன்னலுக்குப் பலகை அடிக்கும் அந்த நேரத்திலேயே மணலை நனைத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவரிடமும் அவருடைய மருந்து எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.